தொப்பிக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை

அனைவருக்கும் வணக்கம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வில்ஷயர் என்று ஒரு சாலை. நகரின் நடுவிலிருந்து கடல்வரை போகும் நீளமான சாலை. அதில் கொரியர்கள் நிறைய வாழும் பகுதியில் ஒரு சாதாரணக் கடை வளாகம் இருக்கிறது. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள், வாசலில் கார் நிறுத்துமிடம். அண்ணாந்து பார்த்தால், மேல்தளத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு உருண்டைக் கூரை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் எதிரே நின்று வெகுநேரம் அதையே பார்த்தேன். கடைக்கு வந்து போன யாரும் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அது சட்டி இல்லை, தொப்பி. சார்லி சாப்ளின் தலையில் பார்த்திருப்பீர்களே, உருண்டை உச்சியும் சுருண்ட விளிம்பும் கொண்ட தொப்பி, அதேதான். அமெரிக்கர்கள் அதை டெர்பி என்பார்கள். 1926-ல் அந்த வடிவத்திலேயே ஒரு கட்டடம் கட்டி, பழுப்பு நிறம் பூசி, ‘பிரவுன் டெர்பி’ என்று பெயர் வைத்து உணவகம் திறந்தார்கள். ‘தொப்பிக்குள் சாப்பிடுங்கள்’ என்று மேலே ஒரு விளக்குப் பலகை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நான்கு உணவகங்களின் முதல் கதவு அதுதான்.

ஏன் தொப்பி? அந்த ஊர் அப்போது காருக்காகவே விரிந்துகொண்டிருந்தது. நடந்து போகிறவன் பலகையைப் படிப்பான், வண்டியில் போகிறவனுக்கு அதற்கு நேரமில்லை. அதனால் கட்டடமே பலகையாகிவிட்டது. அந்த வட்டாரத்தில் நாய் வடிவத்தில், ஆந்தை வடிவத்தில் எல்லாம் கடைகள் கட்டினார்கள். இன்னொரு கதையும் சொல்வார்கள்: சாப்பாடு நன்றாக இருந்தால் தொப்பிக்குள் வைத்துக்கூட விற்கலாம் என்று யாரோ பந்தயம் கட்டினார்களாம். கதை அழகாக இருக்கிறது. எனக்கென்னவோ கார்க் காரணம்தான் நம்பும்படி இருக்கிறது.

கடையைத் தொடங்கியவர் ஹெர்பர்ட் சாம்போர்ன். பேசாப் படக் காலத்தின் பெரிய நட்சத்திரம் குளோரியா ஸ்வான்சனின் முன்னாள் கணவர். நாடக ஆசிரியர் வில்சன் மைஸ்னரும் கூட இருந்தார். சாலைக்கு எதிர்ப்புறம் அம்பாசடர் ஹோட்டல், அதற்குள் ‘கோக்கனட் குரோவ்’ என்ற நடன அரங்கம். இரவெல்லாம் அங்கே ஆடிக் களைத்தவர்கள் சாலையைக் கடந்து வந்து இங்கே சாப்பிட்டார்கள். ஹாம்பர்கர், ஹாட் டாக் போன்ற எளிய சாப்பாடுதான். மதுவிலக்குக் காலம் வேறு. ஆக, மதுவை நம்பாமல் சாப்பாட்டை நம்பியே தலையெடுத்த கடை இது. அதை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது கடை 1929 பிப்ரவரி 14 அன்று ஹாலிவுட்டில், வைன் தெருவில் திறந்தது. இது தொப்பி வடிவம் இல்லை, சாதாரணக் கட்டடம். உள்ளே விளக்குகளின் மூடிகள் மட்டும் குட்டித் தொப்பிகள். நிஜமான புகழ் இந்தக் கடையால்தான் வந்தது. படப்பிடிப்புத் தளங்கள் பக்கத்திலேயே இருந்தன. பிறகு 1938-ல் பெரிய வானொலி நிலையங்கள் இரண்டும் அந்த வட்டாரத்துக்கே வந்துவிட்டன. மதியம் மணி அடித்தால் ஒப்பனையோடு வந்து உட்கார்ந்தார்கள். மேசைக்கே தொலைபேசியைக் கொண்டுவந்து செருகிக் கொடுப்பார்கள். லுவெல்லா பார்சன்ஸ், ஹெட்டா ஹாப்பர் என்ற இரண்டு பத்திரிகைப் பெண்மணிகள் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுதினால், மறுநாள் நாடே படிக்கும். நடிகர் கிளார்க் கேபிள் நடிகை கரோல் லொம்பார்டிடம் கல்யாணப் பேச்சை எடுத்தது இங்கே ஒரு மேசையில்தான் என்பார்கள்.

1931-ல் பெவர்லி ஹில்ஸில் மூன்றாவது. 1940-ல் லோஸ் ஃபீலிஸ் பகுதியில் நான்காவது. அந்தக் கட்டடத்தை வாங்கியவர் இயக்குநர் செசில் பி. டிமில்.

சரி, நட்சத்திரங்களைப் பற்றி எவ்வளவோ பேர் பேசிவிட்டார்கள். நான் இன்று பேச வந்தது பசியோடு இருந்த இரண்டு பேரைப் பற்றி.

ஒருவர் எட்டி விட்ச். போலந்துக்காரர். 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த நேரத்தில், வைன் தெருக் கடைக்கு வந்து, உங்கள் வாடிக்கையாளர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து தருகிறேன், எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்று கேட்டார். போட்டார்கள். ஒரு கிண்ணம் சூப்புக்கு ஒரு முகம். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து சுவர் முழுக்கச் சட்டமிட்ட முகங்கள். கொஞ்ச காலத்தில், அந்தச் சுவரில் தன் முகம் ஏறினால்தான் தான் நட்சத்திரம் என்று பெரிய பெரிய நடிகர்களே எண்ணத் தொடங்கினார்கள். நினைத்துப் பாருங்கள், கோடீஸ்வரர்களுக்கு அந்தஸ்துச் சான்றிதழ் எழுதிய கை, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவருடைய கை. விட்சுக்குப் பிறகு ஜாக் லேன் போன்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

இன்னொருவர் பாப் காப். கடையில் மேலாளராக இருந்து, 1934-ல் சாம்போர்ன் இறந்தபின் பொறுப்பு முழுவதையும் ஏற்றவர். 1937 என்பார்கள். நள்ளிரவு நெருங்கும் நேரம், அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. ஊருக்கே சோறு போட்டவருக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் குளிர்பெட்டியைத் திறக்கிறார். மிச்சம் மீதிதான் இருக்கிறது. கீரை வகையில் லெட்யூஸ், ஒரு அவகாடோ, தக்காளி, வெந்த கோழி மார்பு, அவித்த முட்டை, வெங்காயத்தாள் மாதிரியான சைவ்ஸ், நீலப்பூசணம் படர்ந்த ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி. சமையல்காரர் பக்கத்தில் மொறுமொறுவென்று பொரித்துவைத்திருந்த பன்றி இறைச்சியிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, காடியும் எண்ணெயும் கலந்த சாறை ஊற்றிச் சாப்பிடுகிறார்.

அப்போது கூட இருந்தவர் சிட் கிராமன், ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரைக் கட்டியவர். ருசி பார்த்தவர் மறுநாள் வந்து ‘காப் சாலட்’ வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். அவ்வளவுதான், மெனுவில் ஏறிவிட்டது. நறுக்குவதில்தான் இதன் விஷயமே இருக்கிறது. துண்டுகள் பெரிதாக விழுந்தால் கோழி தனி, முட்டை தனி. எல்லாம் ஒரே அளவில் பொடியாக விழுந்தால்தான் ஒரு கரண்டிக்குள் அத்தனையும் வரும். தட்டில் வரிவரியாக அடுக்கி மேசைக்குக் கொண்டுவருவார்கள். சாப்பிடும்போது கலந்துகொள்ள வேண்டும். இன்று அமெரிக்காவில் எந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். காப் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று கேட்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. பேஸ்பால் ரசிகர்களுக்குத் தெரியும். ‘ஹாலிவுட் ஸ்டார்ஸ்’ என்ற அணியை நட்சத்திரங்களின் பங்குப் பணத்தோடு நடத்தியவரும் அவர்தான். அது தனியாகப் பேச வேண்டிய கதை.

1955-ல் ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரில் ஒரு காட்சி வந்தது. லூசி பிரவுன் டெர்பிக்கு நட்சத்திரங்களைப் பார்க்க வருகிறாள். பக்கத்து இருக்கையில் நடிகர் வில்லியம் ஹோல்டன். தடுப்புக்கு மேலே எட்டி எட்டி அவரையே பார்க்கிறாள். பொறுத்துப் பார்த்த ஹோல்டன், அவள் ஸ்பகெட்டி சாப்பிடும்போது திரும்பி அவளையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். அவளால் ஒரு வாய் நிம்மதியாக விழுங்க முடியவில்லை. அந்தக் கடையில் தினமும் நட்சத்திரங்கள் பட்ட பாட்டை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

அதே தொலைக்காட்சிதான் கடையின் காலத்தையும் மாற்றியது. நடிகர்களை ஒப்பந்தத்தில் கட்டிவைத்திருந்த பழைய ஸ்டூடியோ முறை கலைந்தது, வைன் தெருவின் களையும் போனது. 1970-ல் காப் காலமானார். 1980-ல் தொப்பிக் கடையை மூடினார்கள். இடிக்க ஆள் வந்தபோது பழைய கட்டடங்களை நேசிக்கிறவர்கள் திரண்டு தடுத்ததால்தான், அந்த உருண்டை மட்டுமாவது கடை வளாகத்தின் தலையில் மிஞ்சியது. 1985-ல் வைன் தெருக் கடை மூடப்பட்டது. இரண்டு வருடத்தில் தீப்பிடித்தது. 1994 நிலநடுக்கத்தோடு மிச்சமும் போயிற்று. ஃப்ளோரிடாவில் டிஸ்னி பூங்காவில் அதன் நகல் ஒன்று 1989 முதல் நடக்கிறது, கேலிச்சித்திரங்களோடு. எதிர்ப்புறத்து அம்பாசடர் ஹோட்டலையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடங்கள். பிள்ளைகள் படிக்கிற இடமானதில் எனக்கு வருத்தமில்லை. வைன் தெருவில் அந்தச் சுவர் இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது.

நாலாவது கடை மட்டும் தப்பித்தது. அதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் திட்டம் போட்டார்கள். அந்தப் பகுதி மக்கள் விடாமல் போராடி, 2006-ல் நகரத்தின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்க வைத்தார்கள். இந்த அரங்கில் பிள்ளைகளை அந்த ஊருக்கு அனுப்பியவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள். அடுத்த முறை போனால் லோஸ் ஃபீலிஸ் சாலைக்குப் போங்கள். ஒரு பகுதியில் வங்கி வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. கட்டடத்தின் தலையில் அந்தக் குவிமாடம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து காப் சாலட் ஒன்று வாங்குங்கள். துண்டுகள் பெரிதாக இருந்தால், இன்னும் கொஞ்சம் பொடியாக நறுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றி.