நகலும் சேர்ந்து நின்றபோது

நேயர்களுக்கு வணக்கம்.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. பிரதான எஞ்சின் பற்றவைக்கத் தொடங்கி சுமார் 37 விநாடியில் திடீரென்று திசை திரும்பி, வானிலேயே சிதறியது. எஞ்சினில் குறை ஏதும் இல்லை. ராக்கெட் எப்படிச் சாய்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி நின்றுபோயிருந்தது.

ஒன்று போனால் கைகொடுக்க இன்னொரு கணினியும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது கண நேரம் முன்னதாகவே நின்றுவிட்டது. காரணமும் அதேதான். பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் பார்த்தது நிரல். பிட் என்பது எண்ணைச் சேமிக்கக் கணினி ஒதுக்கும் இடத்தின் அளவு; இந்த 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடம் கிடையாது. எண் அதைத் தாண்டியதும் இரண்டுமே கைவிரித்துவிட்டன. இரண்டிலும் இருந்தது ஒரே நிரல் அல்லவா?

இரும்புச் சாமான் தேயும், துருப்பிடிக்கும். இரண்டு பம்புகள் ஒரே நொடியில் பழுதாவது அபூர்வம், அதனால் உபரியாக ஒன்று வைப்பதில் பலன் உண்டு. நிரல் தேய்வதில்லை. அதிலுள்ள பிழை எழுதிய நாள் முதலே அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடும் உள்ளீடு வரும்வரை யாருக்கும் தெரியாது. நகல் எடுத்தால் பிழையும் கூடவே வரும்.

சரி, தேயாத ஒன்றின் நம்பகத்தன்மையை எப்படி அளப்பது? சோதனையில் நிரல் முடங்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். 2 மணி நேரத்தில் ஒரு முடக்கம், திருத்தியபின் 5 மணி நேரத்தில் அடுத்தது, அப்புறம் 14, அப்புறம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி நீள்கிறது. இப்படிப்பட்ட கணக்கை வைத்து மிச்சமிருக்கும் பிழைகளை மதிப்பிட 1972-இல் ஜெலின்ஸ்கி, மொராண்டா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரி தந்தார்கள். எல்லாப் பிழையும் ஒரே அளவில் தலைகாட்டும் என்று அது எடுத்துக்கொண்டது. நடைமுறையில் ஒன்று தினமும் தொல்லை தரும், ஒன்று வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். பின்னால் வந்த மாதிரிகள் இதையும் கணக்கில் எடுத்தன.

ஆனால் எந்த மாதிரியாக இருந்தாலும், அளந்த பயன்பாட்டுக்கு மட்டும்தான் அந்த எண் பொருந்தும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஏரியன் 5-இன் அந்த நிரல், ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல். புதிய ராக்கெட்டின் பாதையில் பக்கவாட்டு வேகம் தொடக்கத்திலேயே மிக விரைவாக ஏறும். பழைய ராக்கெட்டில் வாங்கிய நற்பெயர் இங்கே செல்லவில்லை. '99.99 சதவீதம் நம்பகமானது' என்று யாராவது சொன்னால், எப்படிப் பயன்படுத்தியபோது என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்படியானால் வெவ்வேறு ஆட்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லி, பெரும்பான்மை விடையை எடுத்துக்கொண்டால்? 1986-இல் ஜான் நைட், நான்சி லெவசன் என்ற கணினி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேவைக்குத் தனித்தனியாக எழுதிய 27 நிரல்களைப் பத்து லட்சம் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதியவர்கள்கூட, தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரே உள்ளீட்டில் சேர்ந்து தவறியிருந்தார்கள். இந்த வழியில் பலன் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தவறும் என்று வைத்து வாய்ப்புகளைப் பெருக்கினால் வரும் அளவுக்கு இல்லை.

சோதித்தே நிரூபித்துவிடலாம் என்றாலும் கஷ்டம்தான். 100 கோடி மணி நேரத்துக்கு ஒரு கோளாறு என்ற அளவை ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

அந்த ராக்கெட்டில் இன்னொன்றும் நடந்தது. எண் மாற்றத்தில் சிக்கக்கூடிய ஏழு மாறிகளில், அதாவது நிரல் கையாளும் மதிப்புகளில், நான்குக்குத்தான் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒரு காரணம். விட்டுவிட்ட மூன்றில் ஒன்றுதான் காலை வாரியது. அது சேர்ந்திருந்த கணக்கு, ஏவுவதற்கு முன் சாய்வையும் வேகத்தையும் அளக்கும் கருவியைச் சீரமைப்பதற்கானது. ஏரியன் 4-இன் தேவைக்காக, புறப்பட்ட பின்னும் சுமார் 40 விநாடி அதை ஓடவிட்டிருந்தார்கள். ஏரியன் 5 தரையை விட்டபின் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.