பானைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பங்குனித் திங்களில் யாழ்ப்பாணத்து மட்டுவில் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மன் கோயில் வீதியில் நின்று பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாகக் கல்லடுப்பு. புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு அம்மா பச்சையரிசியைப் பானையில் இடுகிறா. பக்கத்து அடுப்பில் கத்தரிக்காய்க் கறி. பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறதென்று பிள்ளையள் குனிந்து பார்க்கிறார்கள்.

அம்மன் வழிபாட்டை ஆராய்கிறவர்கள் இந்த அடுப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

ஏனென்றால், கோயில் பற்றி எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் எழுதியது. 19ஆம் நூற்றாண்டில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர், கண்ணகை என்று நாம் கும்பிடும் சிலப்பதிகாரக் கண்ணகியின் வழிபாட்டைக் கண்டித்தார். சமண வணிகக் குலத்துப் பெண்ணைச் சைவர் கும்பிடலாமா என்பது அவர் கேள்வி. பிறகு யாழ்ப்பாணத்தில் பல கண்ணகை கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. ஆகம முறையில் பூசை வந்தது. இது ஏட்டில் இருக்கிறது. ஆனால் பெயர் மாறிய பிறகு பொங்கிய பெண்கள் யாரை நினைத்துப் பொங்கினார்கள்? அதை யாராவது கேட்டு எழுதினார்களா? எனக்கு இது பெரிய ஆதங்கம்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. சிங்களவர் பத்தினி என்று கும்பிடும் கண்ணகியைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட ஆய்வு, சடங்குப் பாடல்களையும் ஊர் நினைவுகளையும் வைத்தே கட்டப்பட்டது. போர்க்காலத்து மட்டக்களப்பில் மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ், அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொன்னவர்களிடம் போனார். காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மாருக்கு வேறு எங்கும் கிடைக்காத பேச்சு அங்கே கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவறையில் இருப்பவள் பெண். துடக்கு, அதாவது தீட்டு என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தப்படுபவளும் பெண். அதேவேளை தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை ஒரு பெண், தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், தலைமையேற்று வளர்த்தார். பெண்பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தினார். இவை இரண்டும் ஒரே மண்ணில்தான் நடந்தன. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எழுதினால் ஆய்வு பாதிதான்.

சரி, கேட்டுக்கொண்டிருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு அம்மம்மா நேர்த்தி வைக்கும்போது பக்கத்தில் இருங்கள். என்ன நேர்த்தி, யாருக்காக, அவவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். அவவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அவ அம்மனை எந்தப் பெயரால் கூப்பிடுகிறா என்பதையும் கவனித்து எழுதிவையுங்கள்.