கதை யாரு வாயால வருது?

வணக்கம் நேயர்களே. "வருகிறான், பார்க்கிறான்னு நிகழ்காலத்துல எழுதுன நாவல்னா எனக்கு ரெண்டு பக்கத்துக்கு மேல ஓடாது"ன்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க, இன்னும் சிலருக்கு 'நான்'னு ஆரம்பிச்சாலே பிடிக்காது. என்னைக் கேட்டா காலத்தை விட, கதை சொல்றவங்களுக்கு எவ்வளவு தெரியும்ங்கறதுதான் முக்கியம்.

குறுந்தொகையில 25ஆம் பாட்டு, கபிலர் எழுதுனது, தலைவி பேசுறா. அவன் என்னோட சேர்ந்த அன்னைக்கு அங்க வேற யாருமே இல்ல, அந்தக் கள்வன் மட்டுந்தான், அவனே பொய் சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன், குருகுன்னு கொக்கு மாதிரி ஒரு பறவை இருந்துச்சு, தினைத்தாள் மாதிரி சின்னப் பசுங்கால், அதுவும் ஓடுற தண்ணியில ஆரல் மீனைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அஞ்சே வரி! இதையே ஆசிரியர் வெளியில நின்னு 'அவள் கலங்கினாள், ஆனால் அவன் திரும்பி வருவான்'னு சொல்லியிருந்தா அதுக்கப்புறம் பாட்டுல என்ன இருக்கு? வருவானான்னு அவளுக்கே தெரியல, அதனால நமக்கும் தெரியல, ரெண்டாயிரம் வருஷமா நாம அவ கூடவே தவிச்சுக்கிட்டு இருக்கோம்.

நிகழ்காலத்துல தமிழுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, அது காதுல விழுற சிக்கல். நம்ம வாக்கியம் பெரும்பாலும் வினையிலதான் முடியும். வந்தான், பார்த்தான், போனான், சாப்பிட்டான், ஒவ்வொண்ணும் ஒரு சத்தம். வருகிறான், பார்க்கிறான், போகிறான், சாப்பிடுகிறான், எல்லாம் ஒரே 'கிறான்', பத்து வாக்கியம் தாண்டுனா நாடகத்துக்கு மேடைக்குறிப்பு படிக்கிற மாதிரி ஆயிடுது.

இங்கிலீஷ்ல 2009ல புக்கர் பரிசு வாங்குன ஹிலரி மான்டெலோட 'வுல்ஃப் ஹால்' முழுக்க நிகழ்காலம்தான். எட்டாம் ஹென்றி ராஜாவோட அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் கதை, 1540ல அவர் தலையை வெட்டிட்டாங்கன்னு சரித்திரம் படிச்ச எல்லாருக்கும் தெரியும், ஆனா நாவல்ல அவருக்குத் தெரியாதே, அவர் பாட்டுக்குக் கணக்கு போடுறார், பேரம் பேசுறார், அடுத்த நாளைக்குத் திட்டம் போடுறார், நமக்குப் பதறுது. இறந்தகாலத்துல எழுதியிருந்தா இந்தப் பதற்றம் இவ்வளவு வந்திருக்காதுன்னு அடிச்சு சொல்வேன். அடுத்த வருஷமே இன்னொரு இங்கிலீஷ் எழுத்தாளர் ஃபிலிப் புல்மன் இந்த நிகழ்கால ஃபேஷனை கடுமையா விமர்சிச்சார், அவர் எரிச்சலும் எனக்குப் புரியுது, ஏன்னா காரணமே இல்லாம அப்படி எழுதுறவங்கதான் அதிகம்.

தமிழ்ல இதை முயற்சி பண்றவங்க தயவுசெஞ்சு வினையில முடியாத வாக்கியங்களையும் பேச்சையும் நடுநடுவுல கலந்து எழுதுங்க, எழுதுனதை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சும் பாருங்க, அந்த 'கிறான்' எங்க இடிக்குதுன்னு உங்க காதே சொல்லிடும்.