ஓர் அறையின் விலை 7 லட்சம் டாலர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். 1994ஆம் ஆண்டு ஜான் டால் இயக்கத்தில் வந்த 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' என்ற அமெரிக்கப் படம் அது. ஸ்டீவ் பாரன்சிக் எழுதிய அந்தக் கதையில், பிரிஜெட் கிரெகரி என்ற பெண்ணாக லிண்டா ஃபியோரென்டினோ நடித்திருக்கிறார். படக் காட்சிகளை இந்தக் காணொளியில் ஒட்டினால் உரிமைப் பிரச்சினை வரும் என்பதால் வாய்ச்சொல்லாலேயே அவற்றை உங்கள் கண்முன் கொண்டுவர முயல்கிறேன். முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன். ஆகவே படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி.

கல்லூரி நாட்களில் இந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது, உடன் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எவ்வளவு மோசமான பொம்பளை!" நானும் தலையாட்டினேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோதுதான், முதல் பதினைந்து நிமிடத்துக்குள் வந்துபோகும் ஓர் அறையை நாங்கள் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது உறைத்தது. கன்னத்தில் விழுந்த அறையைச் சொல்கிறேன்.

தொடக்கக் காட்சியிலிருந்து வருகிறேன். நியூயார்க்கில் தொலைபேசி வழியாகப் பொருள் விற்கும் ஓர் அலுவலகம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஓர் ஆண். அவர்களுக்கு நடுவே பிரிஜெட் நடந்துகொண்டே இருக்கிறாள். விற்பனை படியாமல் திணறுகிறவனை அவனுடைய ஆண்மையையே குத்திக்காட்டும் சொற்களால் விரட்டுகிறாள். அதே நேரத்தில் வேறோர் இடத்தில், மருத்துவம் பயின்ற அவளுடைய கணவன் கிளே, மருத்துவப் பயன்பாட்டுக்கான கொக்கேயினைத் திருட்டுத்தனமாக விற்று 7 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, உயிர் பிழைத்ததே பெரிது என்று வீடு வந்து சேருகிறான். அந்த விற்பனைக்கு அவனைத் தூண்டியவளும் அவள்தான். வீட்டில் பணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் அவனை ஏளனமாக ஒரு வார்த்தை சொல்கிறாள். அவன் கை ஓங்கி அறைந்துவிடுகிறான்.

அவள் அழுவதில்லை, திருப்பி அடிப்பதும் இல்லை. அவன் வருத்தம் தெரிவிக்கிறான். அறைந்தவனைப் பொறுத்தவரை அத்தோடு அது முடிந்துபோன விஷயம் என்பதால், நிம்மதியாகக் குளிக்கப் போகிறான். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த வீட்டில் பணமும் இல்லை, மனைவியும் இல்லை. அந்த அறை விழாமல் இருந்திருந்தாலும் அவள் பணத்தோடு போயிருப்பாளா என்ற கேள்விக்குப் படம் விடை சொல்வதில்லை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. அடி வாங்கியதால் மட்டுமே ஒரு பெண் வெளியேறலாம், அதற்கு முன் வெளியேற அவளுக்கு உரிமை இல்லை என்ற கணக்கை இந்தப் படம் போட மறுக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1940களில் ஹாலிவுட்டில் வந்த ஒருவகை இருண்ட குற்றப் படங்களுக்கு, 1946இல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் ஃபிலிம் நுவார், அதாவது கறுப்புப் படம் என்று பெயர் வைத்தார். அந்தப் படங்களில் ஆணை மயக்கி அழிவுக்கு இழுத்துச் செல்லும் பெண்ணை ஃபாம் ஃபத்தால் என்பார்கள். நம் வழக்கில் மோகினி என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊர்க் கதைகளில் வரும் மோகினிக்குக்கூட ஒரு முன்கதை இருக்கும். வாழ வேண்டிய வயதில் ஆசை நிறைவேறாமல் செத்துப்போன பெண், அல்லது யாராலோ வஞ்சிக்கப்பட்ட பெண் என்று பாட்டிமார் சொல்வார்கள். நுவார் படங்களின் மோகினிக்கு அந்த முன்கதை பெரும்பாலும் கிடைத்ததில்லை. ஆணின் பார்வையில், ஆணின் குரலில் சொல்லப்படும் கதைக்குள் அவள் வருவாள், அழிப்பாள், அழிவாள்.

அவள் அழிந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. 1934 முதல் 1960களின் இறுதி வரை ஹாலிவுட் படங்களைக் கட்டுப்படுத்திய தயாரிப்பு நெறிமுறையின்படி, குற்றம் செய்தவர் பலன் அனுபவிப்பதாகப் படம் முடியக் கூடாது. 1944இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யில், காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் திட்டமிடும் பெண், கடைசியில் கூட்டாளியாலேயே சுட்டுக் கொல்லப்படுகிறாள். பார்வையாளர்கள் அவளை ஒன்றரை மணி நேரம் ரசிக்கலாம், கடைசியில் தண்டிக்கப்பட்டதைப் பார்த்து மனம் ஆறி வீட்டுக்குப் போகலாம். அந்த நெறிமுறை 1968இல் நீங்கி வயதுவாரிச் சான்றிதழ் முறை வந்த பிறகுதான், இந்தப் பெண் உயிரோடு படத்தை விட்டு வெளியேறும் வாய்ப்பே பிறந்தது. பிரிஜெட் அந்த வாய்ப்பை முழுமையாக எடுத்துக்கொண்டவள்.

சிகாகோ போகும் வழியில் பஃபலோ நகருக்கு அருகே பெஸ்டன் என்ற கற்பனைச் சிற்றூரில் அவள் வண்டியை நிறுத்துகிறாள். மதுக்கடையில் நுழைந்து மன்ஹாட்டன் என்ற மதுக்கலவையைக் கேட்கிறாள். 'தயவுசெய்து' என்ற சொல் இல்லாததால் ஊற்றிக்கொடுப்பவர் காதில் விழாதது போல இருந்துவிடுகிறார். மைக் என்ற உள்ளூர் இளைஞன் பணிவாகக் கேட்டு அவளுக்கு அதை வாங்கித் தருகிறான். அவள் நன்றி சொல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறாள். விடாமல் தொடர்ந்து வந்தவன், தன் உடலைப் பற்றி ஒரு பெருமையை அவிழ்த்துவிடுகிறான். பெண்கள் கூசிப்போவார்கள் அல்லது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துச் சொல்லப்படும் பெருமை அது. அவள் கூசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உட்காரச் சொல்லி, மேசைக்கு அடியில் கையை விட்டு, சொன்னது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கிறாள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகரின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அவள் முகம். இன்னும் சில கேள்விகளையும் கேட்கிறாள். அதுவரை பெண் உடலை எடைபோட்டே பழகிய திரைப்படப் பார்வை அந்த ஒரு நிமிடத்தில் திசை மாறி ஓர் ஆணின் மேல் விழுகிறது. எடைபோடப்படுவது எப்படி இருக்கும் என்பது மைக்கின் முகத்தில் தெரிகிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவளுடைய கவர்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள். என்னை அதைவிட அதிகம் ஈர்ப்பது அவளுடைய வேலைத்திறன். மறைந்து வாழ்ந்த அந்த ஊரில், வெண்டி க்ராய் என்ற பெயரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்கிறாள். அந்தப் பெயர்கூட நியூயார்க் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னோக்கிப் படிக்கும் விளையாட்டிலிருந்து பிறந்தது. ஒருவருடைய கடன் விவரங்களைப் பார்த்தே அவர் மனைவிக்குத் துரோகம் செய்கிறாரா என்று கண்டுபிடித்துவிடலாம் என மைக் பேச்சுவாக்கில் சொல்கிறான். அவனுக்கு அது ஒரு வேடிக்கைத் தகவல். அவளோ தொலைபேசியை எடுத்து, ஏமாற்றப்பட்ட மனைவியை அழைத்து, உங்கள் கணவரைக் கொன்று தர ஏற்பாடு செய்யலாம் என்று விலை பேசத் தொடங்குகிறாள். முதல் காட்சியில் ஆண்களை விரட்டி வேலை வாங்கிய அதே விற்பனைத் திறமைதான் இங்கேயும் செயல்படுகிறது. ஃபியோரென்டினோவின் கனத்த, அவசரமே இல்லாத குரலை அந்த இடத்தில் கவனித்துக் கேளுங்கள்.

அவளுடைய உண்மையான ஆயுதம், எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. பெண் என்றால் பயப்படுவாள், அழுவாள், காதலில் விழுவாள், பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஆண்கள் நினைக்க நினைக்க, அந்த நினைப்புக்கு ஏற்ப ஒரு வேடத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். இதைக் கலகம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்தக் கலகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

கிளே அனுப்பிய துப்பறிவாளர் ஹார்லன் ஒரு கறுப்பினத்தவர். வந்திருப்பதோ வெள்ளையர்கள் வாழும் ஒரு சிற்றூர். காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவரை அவருடைய ஆடையை அவரே தளர்த்தும்படி பேச்சால் வளைத்துவிட்டு, வண்டியை வேகமாகக் கொண்டுபோய் மோதுகிறாள். ஓட்டுநர் பக்கம் காற்றுப்பை இருந்ததால் அவள் பிழைக்கிறாள், அவர் சாகிறார். அந்த நிலையில் கிடக்கும் ஒரு கறுப்பின ஆணின் உடலைப் பார்த்து அந்த ஊர் என்ன முடிவுக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கணக்குத் தப்பவில்லை.

மைக்கின் கதை இன்னும் கசப்பானது. பஃபலோவில் அவன் திருமணம் செய்த ட்ரிஷ் ஒரு திருநங்கை என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. வெட்கத்தோடு ஊருக்குத் திரும்பியவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிரிஜெட் அதைத் தோண்டி எடுத்து, கடைசிக் காட்சியில் அவனை வெறியேற்றும் சாட்டையாகப் பயன்படுத்துகிறாள். படமும் ட்ரிஷை ஓர் அதிர்ச்சித் திருப்பமாக மட்டுமே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இது பிரிஜெட்டின் குற்றம் மட்டுமன்று, படத்தின் குற்றமும்கூட. எவ்வளவு விரும்பிப் பார்த்தாலும் இந்த இடத்தை என்னால் மன்னித்துக் கடந்துபோக முடியவில்லை.

அந்தக் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பிரிஜெட் சொன்னதை வைத்து, வயதான பெண்களை ஏமாற்றும் ஒரு வழக்கறிஞரைக் கொல்லப் போவதாக நம்பி மைக் நியூயார்க் வீட்டுக்குள் நுழைகிறான். கட்டிப்போட்ட பிறகுதான் அது கிளே என்று தெரிகிறது. மைக்கால் கொல்ல முடியவில்லை. பிரிஜெட் வந்து, கண்ணெரிச்சல் தெளிப்பானைக் கணவனின் வாய்க்குள் அடித்துத் தானே அந்தக் காரியத்தை முடிக்கிறாள். பிறகு ட்ரிஷின் பெயரைச் சொல்லிச் சொல்லி மைக்கைத் தன்மேல் பாலியல் வன்முறையோடு பாய வைக்கிறாள். காவல்துறை அவசர எண்ணை ஏற்கெனவே அழுத்தி வைத்திருந்த தொலைபேசியின் மறுமுனையில், கொலையை ஒப்புக்கொள்ளும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் காவல் நிலையத்தில் வாய் திறந்தாலே, நீயே வலிய அழைத்தாயா என்று கேட்கும் உலகம் இது. அப்படிப்பட்ட உலகத்தில், பொய் வழக்கு ஜோடித்து ஆணைச் சிறைக்கு அனுப்பும் ஒரு பெண்ணைக் காட்டுவது அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். அதே நேரத்தில் அந்தக் காட்சி எதனால் வேலை செய்கிறது என்றும் பார்க்கிறேன். நிறவெறி, திருநங்கையர் மேல் உள்ள அருவருப்பு, பெண் என்றால் பாதிக்கப்பட்டவளாகத்தான் இருப்பாள் என்ற இரக்கம் ஆகிய எதையுமே பிரிஜெட் உண்டாக்கவில்லை. அவளைச் சுற்றியிருந்த சமூகம் அவற்றைத் தயாராக வைத்திருந்தது. அவள் அவற்றை எதிர்த்துப் போராடவும் இல்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறாள். ஆகவே அவளுடைய கலகத்தால் விடுதலை பெறுவது அவள் ஒருத்தி மட்டுமே. ஹார்லனுக்கும் ட்ரிஷுக்கும் அதில் இடமில்லை. அவளை நல்லவளாக்கிக் காட்ட ஒரு கண்ணீர்த் துளிகூடச் செலவழிக்காத நேர்மைக்காகவே, இவ்வளவு மனத்தாங்கலுக்குப் பிறகும் இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

ஃபியோரென்டினோவுக்கு நியூயார்க் திரை விமர்சகர் வட்டத்தின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆஸ்கர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இடம்பெற வழியே இல்லாமல் போயிற்று. திரையரங்குக்கு வருமுன் படம் எச்பிஓ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட்டதால், விதிப்படி அது போட்டிக்கே தகுதி இழந்திருந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று இப்படி ஒரு விதியால் விடுபட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சிறையில் மைக் தன்னைக் காப்பாற்றக்கூடிய சான்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசிக்கிறான். அந்த வீட்டு அழைப்புமணியின் மேல் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பெயர்ச்சீட்டு நினைவுக்கு வருகிறது. கொல்லப்பட வேண்டியவர் என்று அவனிடம் சொல்லப்பட்ட வழக்கறிஞரின் பெயர், அவனை நம்பவைப்பதற்காகவே அங்கே ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த காட்சியில் பிரிஜெட் நீளமான சொகுசுக் காரின் பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். விரல்களுக்கு இடையே அந்தச் சீட்டு. தீ வைக்கிறாள். அது எரிந்து முடியும் வரை அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை.