பிறர் ஈட்டித் தந்த வெற்றி

அன்புக்குரிய சகோதர சகோதரிகளே,

2001 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் தேதி, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியின் நான்காம் நாள். காலையில் இந்திய அணி 4 விக்கெட் இழப்புக்கு 254 ரன்கள் என்ற நிலையில் ஆட்டத்தைத் தொடர்ந்தது. மாலையில் ஆட்டம் நின்றபோது எண்ணிக்கை 589 ஆகியிருந்தது. விழுந்த விக்கெட்டுகள் அதே நான்குதான். மெக்ராத், கில்லெஸ்பி, வார்ன் என்று உலகமே அஞ்சிய பந்துவீச்சாளர்கள் நாள் முழுவதும் மாறி மாறி வீசியும், லக்ஷ்மணையும் திராவிடையும் அவர்களால் அசைக்க முடியவில்லை.

அந்த நாளின் அருமை விளங்க, அதற்கு முந்தைய நிலையை நினைவுகூர வேண்டும். ஸ்டீவ் வா தலைமையிலான ஆஸ்திரேலிய அணி, மும்பையில் நம்மைப் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி, தொடர்ச்சியாகத் தன் 16 ஆவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றுவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்திருந்தது. அங்கே அவர்கள் முதல் இன்னிங்ஸில் 445 ரன்கள் எடுக்க, இந்தியா 171 ரன்களுக்குச் சுருண்டது. 274 ரன்கள் பின்தங்கிய அணியை உடனே மறுபடியும் ஆட வைத்தார் எதிரணித் தலைவர். ஃபாலோ-ஆன் வாங்கிய அணி திரும்ப வந்து வெல்லும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதுவரை டெஸ்ட் கிரிக்கெட்டின் நீண்ட வரலாற்றில் அப்படி நடந்தது இரண்டே முறைதான். லக்ஷ்மண் 281, திராவிட் 180, இருவரும் சேர்ந்து 376. இந்தியா 7 விக்கெட்டுக்கு 657 என்று டிக்ளேர் செய்தது. கடைசி நாளில், 3 விக்கெட்டுக்கு 166 என்றிருந்த ஆஸ்திரேலியா, ஹர்பஜன் சிங்கின் சுழலிலும் டெண்டுல்கரின் சுழலிலும் சிக்கி 8 விக்கெட்டுக்கு 174 ஆகி, 212 ரன்களில் முடிந்தது. இந்தியா 171 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது.

இந்த ஆட்டத்தில் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்புவது அந்த நான்காம் நாள் முழுவதும் ஓய்வறையில் உட்கார்ந்திருந்த மற்ற வீரர்களை. அன்று அவர்கள் ஒரு பந்தையும் சந்திக்கவில்லை. அவர்களில் சிலர் அந்த இரண்டு இன்னிங்ஸ்களிலும் சொல்லிக்கொள்ளும்படி ரன் எடுக்கவும் இல்லை. ஆயினும் வெற்றி பதினொரு பேருக்கும் எழுதப்பட்டது. அதோடு நின்றதா? வானொலிப் பெட்டிக்கு அருகிலும் தொலைக்காட்சிக் கடை வாசலிலும் நின்றிருந்தவர்கள்கூட அன்று மாலை ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மட்டையைக் கையில் தொட்டறியாத பாட்டிமார்களும் அந்த மகிழ்ச்சியில் முழு உரிமையோடு பங்கெடுத்தார்கள். உனக்கு இதில் என்ன பங்கு என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. நம்முடைய ஆட்கள் ஆடினார்கள், ஆகவே வெற்றி நம்முடையது என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

இரட்சிப்பைப் பற்றிப் பரிசுத்த வேதம் சொல்லுவதன் மையம் இதுவே என்று நான் நம்புகிறேன். ஏலா பள்ளத்தாக்கில் கோலியாத் விதித்த நிபந்தனையைப் பாருங்கள். உங்களில் ஒருவன் வரட்டும். அவன் என்னைக் கொன்றால் நாங்கள் உங்களுக்கு அடிமைகள், நான் அவனைக் கொன்றால் நீங்கள் எங்களுக்கு அடிமைகள் என்கிறான். ஒருவனுடைய கையில் ஒரு ஜனத்தின் விதி. நாற்பது நாள் நடுங்கிக்கொண்டிருந்த இஸ்ரவேல் சேனையில் ஒருவனும் அந்தக் கல்லை எறியவில்லை; தாவீது எறிந்தான். விழுந்தது ஒரு பெலிஸ்தன். விடுதலை பெற்றது இஸ்ரவேல் முழுவதும். ரோமருக்கு எழுதும்போது பவுல் அப்போஸ்தலன் இதையே மனுக்குலத்தின் அளவுக்கு விரித்து, ஆதாம் என்ற ஒருவனுடைய கீழ்ப்படியாமையால் அநேகர் பாவிகளானதுபோல, கிறிஸ்து என்ற ஒருவருடைய கீழ்ப்படிதலால் அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள் என்கிறார். நம்முடைய இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. கணக்கில் நாம் தோற்றவர்கள். நமக்காக ஒருவர் ஆடி, அந்த ஆட்டத்தின் பலனை நம் பெயரில் எழுதுகிறார்.

நம் வாலிபர் முகாம்களில் விளையாட்டை உவமையாக எடுக்கும்போதெல்லாம் பயிற்சி செய், விடாமல் ஓடு, சோர்ந்துபோகாதே என்ற பக்கத்திற்கே போய்விடுகிறோம். அதற்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. இஸ்த்மியன் என்ற கிரேக்க விளையாட்டுப் போட்டிகள் அருகே நடந்த கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய பவுல், வாடிப்போகும் இலைக் கிரீடத்துக்காக ஓடுகிறவர்களின் கட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டத்தான் செய்தார். ஆனால் அது மீட்கப்பட்டவனின் ஓட்டம். மீட்பைச் சம்பாதிப்பதற்கான ஓட்டம் அல்ல. இந்த வரிசையை மாற்றினால் நற்செய்தி கெட்டுப்போகிறது. நன்றாக ஓடாத பிள்ளைக்கு நம்மிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. ஏலா பள்ளத்தாக்கிலும் இஸ்ரவேலர் ஓடினார்கள். ஆர்ப்பரித்து எழும்பி, எக்ரோனின் வாசல்கள் வரைக்கும் பெலிஸ்தரைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கோலியாத் விழுந்த பிறகுதான் அந்தக் கால்களுக்குப் பலம் வந்தது.

ஆனாலும் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது; அது எங்கே அறுந்துபோகிறது என்பதில்தான் கிருபையின் ஆழம் இருக்கிறது. அதே ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில், 1996 மார்ச் 13 அன்று, உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையின் 251 ரன்களைத் துரத்திய இந்தியா 98 ரன்களுக்கு ஒரே விக்கெட் என்ற நிலையிலிருந்து 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. பார்வையாளர்கள் பாட்டில்களை மைதானத்துக்குள் வீசினார்கள். இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டத்தைத் தொடர முடியாமல், போட்டி நடுவர் கிளைவ் லாயிட் வெற்றியை இலங்கைக்கு அளித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து லக்ஷ்மணுக்காக எழுந்து நின்று கைதட்டியதும் அதே ஊர்தான். வெல்லும்போது நம்மவர், தோற்றால் அந்நியர் என்பதே ரசிகனின் அன்பு. எருசலேமிலும் ஓசன்னா என்ற முழக்கத்துக்கும் சிலுவையில் அறையும் என்ற கூச்சலுக்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை. ஒரு விளையாட்டு வீரன் தன்னை நேசிக்கிற ஜனத்துக்காக ஆடுகிறான். கிறிஸ்துவோ, நாம் தேவனுக்குச் சத்துருக்களாய் இருக்கையில் நமக்காக மரித்தார் என்று வேதம் சொல்லுகிறது. பாட்டில் எறிந்த கைகளுக்காக ஆடி வென்றவர் அவர்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கொல்கத்தாவில் தோல்வி முதலில் வந்தது. பிறகு அது வெற்றியாகத் திரும்பியது. சிலுவையை அப்படிப் பிரித்துப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை தோற்றார், ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார் என்று நம்மில் பலர் பேசுகிறோம். கொலோசெயர் நிருபமோ, துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, சிலுவையிலேயே அவர் வெற்றிசிறந்தார் என்கிறது. ஆணி அடிக்கப்பட்ட இடத்திலேயே கடன் தீர்ந்தது. உயிர்த்தெழுதல் அந்த வெற்றியை உலகத்துக்கு அறிவித்தது. விளையாட்டில் இதற்கு இணையாக ஒன்றை நான் கண்டதில்லை.

வேறொருவர் தூரத்தில் ஈட்டிய வெற்றி நம்மை வந்து சேர்வது எப்படி? செய்தியாகத்தான். 1983 உலகக் கோப்பையில், ஜூன் 18 அன்று, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற சிற்றூரில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 5 விக்கெட்டுக்கு 17 ரன்கள் என்று தடுமாறியது. அங்கிருந்து கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் குவித்தார். ஒன்பதாவது விக்கெட்டுக்குக் கிர்மானி அவரோடு நின்று பிரியாமல் 126 ரன்கள் சேர்த்தார். இந்தியா 31 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் கோப்பையும் நம் கைக்கு வந்தது. அந்த 175 ரன்களில் ஒன்றைக்கூட நம்மால் இன்று பார்க்க முடியாது. அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவே இல்லை. களத்தில் நின்றவர்கள் சொன்னார்கள், கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள், ஸ்கோர் புத்தகம் சொல்லுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மில் ஒருவரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைப் பவுல் இதே விதமாகத்தான் தொடங்குகிறார். கேபா என்ற பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்குத் தரிசனமானார், ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் தரிசனமானார் என்று சாட்சிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த அடுக்கின் மேல் நின்றுகொண்டுதான், அதே அதிகாரத்தின் முடிவில், “நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினாலே நமக்கு ஜெயங்கொடுக்கிற தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்று பாடுகிறார். அவர் அதை எழுதியது, கல்லறை காலியாகி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குள். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும், வேண்டுமானால் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல, கூடவே எழுதிவைத்திருக்கிறார்.