மெனோரா: ஏழு கிளை விளக்கின் கதை

வணக்கம் நண்பர்களே. கிளை பிரிந்த மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேவாலயங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு முன்மாதிரிபோல் நிற்கும் மெனோராவைப் பற்றி, அதாவது யூதர்களின் எருசலேம் ஆலயத்தில் எரிந்த ஏழு கிளை விளக்கைப் பற்றி, இன்று பேசப் போகிறேன். வென்றவர்கள் தங்கள் பெருமைக்காகக் கல்லில் செதுக்கிய ஓர் உருவத்தை, தோற்ற மக்களின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் தங்கள் நாட்டின் சின்னமாகவே ஏற்றுக்கொண்ட வரலாறு இது.

அதன் அமைப்பை பைபிளின் யாத்திராகமம் என்னும் நூலின் 25ஆம் அதிகாரம் நுணுக்கமாகச் சொல்கிறது. ஒரு தாலந்து (பழங்கால எடை அளவு) பசும்பொன்னைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து ஒட்டாமல், முழுவதையும் ஒரே அடிப்பு வேலையாக உருவாக்க வேண்டும். நடுத்தண்டின் இருபுறமும் மும்மூன்று கிளைகள், தண்டோடு சேர்த்து ஏழு. ஒவ்வொரு கிளையிலும் வாதுமை வடிவில் மூன்று மொக்குகள். பூத்து நிற்கும் ஒரு மரத்தையே பொன்னில் வார்க்காமல் அடித்து எடுத்திருக்கிறார்கள்! அதில் மெழுகுவர்த்தி எரியவில்லை, தூய ஒலிவ எண்ணெயே எரிந்தது. ஏழு சுடர்களும் ஏழு கோள்களைக் குறிப்பதாக முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதினார்; படைப்பின் ஏழு நாட்களைக் குறிப்பதாகக் கொள்வோரும் உண்டு.

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்து, அங்கிருந்த பொருள்களைக் கொள்ளையிட்டது. திரையில் நீங்கள் பார்ப்பது, ரோம் நகரில் அந்தப் படையை நடத்திய டைட்டஸின் நினைவாகக் கி.பி. 81ஐ ஒட்டி எழுந்த டைட்டஸ் வளைவின் உட்புறச் சிற்பம். மாலை சூடிய ஆட்கள் மெனோராவைத் தோளில் சுமந்து செல்கிறார்கள். இன்று வெறும் கல்நிறமாகத் தெரியும் இந்த விளக்கின் மேல் மஞ்சள் காவியின் தடயம் இருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதாவது, அன்று அந்த வழியே நடந்தவர்களின் கண்ணுக்கு அது பொன்னாகவே தெரிந்திருக்கும். பீடத்தையும் கவனியுங்கள். பல பட்டைகள் கொண்ட இரண்டு அடுக்குகள், அவற்றில் விலங்குருவங்கள். பழைய யூத ஓவியங்கள் பலவற்றிலோ மெனோரா மூன்று கால்களில் நிற்கிறது.

ஆலய விளக்கைப் போலவே ஏழு கிளைகளுடன் இன்னொன்றைச் செய்யக்கூடாது என்று யூதச் சட்ட நூலான தால்முத் விதிக்கிறது. யூதர்கள் ஹனுக்கா என்னும் பண்டிகைக்கு ஏற்றும் விளக்கு அந்தத் தடைக்குள் வராது; அதில் ஒன்பது சுடர்கள் இருக்கும்: எட்டு நாட்களுக்கு எட்டு, அவற்றை ஏற்றுவதற்கு ஒன்று. கிறித்தவர்களுக்கு அந்தத் தடை இல்லாததால், ஜெர்மனியின் எஸ்ஸன் தேவாலயத்தில் கி.பி. 1000ஐ ஒட்டிச் செய்யப்பட்ட, ஆளுயரத்தை மிஞ்சிய ஏழு கிளைத் தாங்கி இன்றும் நிற்கிறது.

1949இல் இஸ்ரேல், இருபுறமும் ஒலிவக் கிளைகள் சூழ்ந்த மெனோராவைத் தன் அரசுச் சின்னமாக ஏற்றது. டைட்டஸ் வளைவில் உள்ள அதே பீடத்தோடு அது வரையப்பட்டதால், அந்த விலங்குருவங்கள் ஆலயத்துக்கு உரியவையாக இருக்க முடியாது என்று தலைமை ரபி (யூத மதகுரு) ஐசக் ஹெர்சாக் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், பறிபோனதன் சுவடும் சின்னத்தில் இருக்க வேண்டும் என்பதால், வளைவின் வடிவத்தைத் தேர்ந்ததே சரி என்பது என் உறுதியான கருத்து.