எல்க் வேட்டைக்கு நடுத்தர ரைஃபிள்: எந்தக் குண்டு?

வணக்கம். மேசை மேல் நான்கு குண்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறேன். நான்குக்கும் விட்டம் ஒன்றுதான். நான்கும் என் 7 எம்எம்-08 ரெமிங்டன் ரைஃபிளுக்குப் பொருந்துபவை. கொலராடோவில் அக்டோபரில் ரைஃபிள் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் இவற்றில் எதைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதுதான் இன்றைய பேச்சு.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே இது குற்றம். இங்கே நிலைமை வேறு. கொலராடோவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான எல்க் மான்கள் இருக்கின்றன. உரிமம் வாங்கித்தான் வேட்டைக்குப் போக முடியும். 1949ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர் என்றால், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். சுட்ட விலங்கின் இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவிட்டு வந்தால் வழக்குப் பாயும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதுமலைப் பக்கம் கடமானைப் பார்த்திருப்பீர்கள். எல்க் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 220 கிலோ அளவில் இருக்கும். எடையை விட நம்மைச் சோதிப்பது அதன் முன்பாகம். தோள்பட்டை எலும்பு கனமானது, அதன் மேல் தடித்த தசை. குண்டு அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு நுரையீரல்களையும் கிழிக்க வேண்டும். ஒரு நுரையீரலில் மட்டும் பட்டால், அந்த விலங்கு பள்ளத்தாக்குகளைத் தாண்டி எங்கேயோ போய் விழும். நாம் தேடிக்கொண்டே இருப்போம், அது துடித்துக்கொண்டே இருக்கும். குண்டைப் பற்றி இவ்வளவு தலையை உடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

7 எம்எம்-08 ரெமிங்டன் 1980இல் வந்தது. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவின் கூட்டை, அதாவது வெடிமருந்து நிரப்பும் உலோகக் குப்பியை எடுத்து, அதன் கழுத்தை 7 மில்லிமீட்டருக்குச் சுருக்கிச் செய்த தோட்டா. கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா; அதன் முனையில் இருந்து பறந்து போவது மட்டும் குண்டு. 140 கிரெயின் குண்டை, அதாவது ஒன்பது கிராமை, விநாடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் அனுப்பும். தோளில் உதை குறைவு. நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

துப்பாக்கிக் கடைக்குப் போய் "எல்க் வேட்டைக்கு" என்று வாயைத் திறந்தால் போதும், கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர் மேக்னம் ரைஃபிளை, அதாவது அதிக வெடிமருந்தும் அதிக வேகமும் கொண்ட தோட்டாவைச் சுடும் ரைஃபிளை, கையில் எடுத்துவிடுவார். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. சுவீடனிலும் நார்வேயிலும் எல்க்கை விடப் பெரிய மான் இனமான மூஸை 6.5×55 என்ற தோட்டாவால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேட்டையாடி வருகிறார்கள். அது 7 எம்எம்-08ஐ விடப் பெரிய தோட்டா ஒன்றுமில்லை. கொலராடோ சட்டமும் மேக்னம் கேட்கவில்லை. எல்க்குக்குக் குறைந்தபட்சம் .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெயின் எடை, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், மலரக்கூடிய குண்டு. அவ்வளவுதான்.

அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மலரக்கூடிய குண்டு. முழுக்க உலோக உறை போட்ட ராணுவக் குண்டு ஊசி போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். வேட்டைக் குண்டு உள்ளே போனதும் முனை விரிந்து அகலமாக வேண்டும்; அகலமான பிறகும் தொடர்ந்து முன்னேற வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். அதிகம் விரிந்தால் ஆழம் குறையும். விரியாவிட்டால் காயம் சிறியதாகிவிடும். குண்டு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த இழுபறியைத்தான் தன் வழியில் தீர்க்கப் பார்க்கிறது.

இடது கோடியில் இருப்பது சாதாரணக் குண்டு. ஈயக் கரு, மேலே செம்பு உறை. விலை மலிவு. ரெமிங்டனின் கோர்-லாக்ட் இந்த வகைதான். 1939இலிருந்து விற்பனையில் இருக்கிறது. இதை எல்லாரும் ஏளனமாகப் பேசுவது சரியில்லை. அதிவேகத்தில் எலும்பில் மோதினால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று சிதறக்கூடும், உண்மைதான். ஆனால் அந்தக் கெட்ட பெயரில் பெரும்பகுதி மேக்னம்கள் சம்பாதித்துக் கொடுத்தது. நம் நடுத்தரத் தோட்டாவின் வேகத்தில் அதே குண்டு ஓரளவு அடக்கமாக நடந்துகொள்கிறது. பெண் எல்க், பக்கவாட்டில் நிற்கிறது, 150 கஜம், விலா எலும்புக்குள் சுடுகிறீர்கள் என்றால் இது போதும். ஆனால் எல்க் நமக்கு வசதியாக நிற்பதற்கு எந்த ஒப்பந்தமும் போட்டுக்கொண்டு வருவதில்லையே.

அடுத்தது நாஸ்லர் பார்ட்டிஷன். ஒரு பழைய குண்டை இடுக்கியில் பிடித்து, அரத்தால் நீளவாக்கில் பாதி தேய்த்து வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். உள்ளே ஈயம் ஒரே துண்டாக இல்லை. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, நடுவில் செம்புச் சுவர். ஜான் நாஸ்லர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனபோது, அவருடைய .300 மேக்னம் குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே உடைந்து போயின. ஊருக்குத் திரும்பி வந்து இந்தச் சுவரைக் கண்டுபிடித்தார். 1948இல் விற்பனைக்கு வந்தது. மேல் அறை உடைந்து சிதறும். சுவருக்குக் கீழே இருப்பது அப்படியே ஆழமாகப் போகும். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். விநாடிக்கு 1,800 அடி வேகம் வரை குறைந்தாலும் மலரும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்கு வேலை போகவில்லை என்றால் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு. அக்குபாண்ட் போன்றவை. பார்ட்டிஷனை விட எடை அதிகம் மிஞ்சும், காற்றைக் கிழிப்பதிலும் கெட்டி. நல்ல குண்டு. இதை வாங்குபவரிடம் நான் வாதம் செய்ய மாட்டேன்.

நான்காவதில்தான் நான் வந்து நின்றிருக்கிறேன். முழுச் செம்பு. உள்ளே ஈயமே இல்லை. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் இந்த வகையைப் பரவலாக்கியது. முனையில் ஒரு குழி, அதன் மேல் நீல நிற பிளாஸ்டிக் கூம்பு. மோதியதும் கூம்பு பின்னால் தள்ளப்பட்டு, செம்பு நான்கு இதழ்களாகப் பிரிந்து வளையும். இதோ, ஒரு பெண் எல்க்கின் மறுபக்கத் தோலுக்கு அடியில் கிடைத்தது. நான்கு இதழ்களும் அடித்தண்டை நோக்கிச் சுருண்டிருக்கின்றன. ஒன்றின் ஓரம் மட்டும் எலும்பில் உரசிச் சற்று நசுங்கியிருக்கிறது. அடியில் குழலின் வரிப்பள்ளங்கள் பதித்த கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. தராசில் வைத்தால் 118 கிரெயின். புறப்பட்டபோது 120.

120ஆ என்று கேட்பீர்கள். ஆம், எல்க்குக்கு 140ஐ விட்டுவிட்டு 120. கணக்கைப் பாருங்கள். 140 கிரெயின் பார்ட்டிஷனில் 65 சதவீதம் மிஞ்சினால், உள்ளே பயணம் செய்வது 91 கிரெயின். செம்பில் 120ம் கிட்டத்தட்ட முழுதாகப் பயணம் செய்கிறது. அதோடு எடை குறைந்ததால் விநாடிக்குச் சுமார் 3,000 அடி வேகத்தில் புறப்படுகிறது. செம்புக்கு இந்த வேகம் வேண்டும். ஈயத்தைப் போல இளகிய உலோகம் இல்லை அது. விநாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் இதழ் விரிவதை நான் நம்ப மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. ஈயத்தை விடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், கூட்டுக்குள் வெடிமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். .308இன் சின்னக் கூட்டில் அது நஷ்டம்.

இப்போது முக்கியமான இடம். பெட்டியில் அச்சடித்த ஆற்றல் எண்ணைப் பார்த்துத் தோட்டா வாங்காதீர்கள். குண்டு விலங்கைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்று பாருங்கள். 2,800 அடியில் புறப்படும் 140 கிரெயின் குண்டு 300 கஜத்தில் ஏறத்தாழ 2,200 அடிக்கும், 400 கஜத்தில் 2,000 அடிக்கும் இறங்கிவிடும். பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. என் குழல் 20 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் இருபது முப்பது அடி போய்விடும். அதனால் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை யாரிடமாவது இரவல் வாங்கியாவது உங்கள் ரைஃபிளில் அளந்து பாருங்கள். எல்க் வாழும் மலைகள் எட்டாயிரம், பத்தாயிரம் அடி உயரம். காற்று மெலிந்திருப்பதால் குண்டு வேகத்தைச் சற்று அதிகம் காப்பாற்றிக்கொள்ளும். அந்தச் சலுகையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, கையிருப்பாக விட்டுவிடுகிறேன். என் எல்லை 300 கஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் கிட்டே போக வழி தேடுவேன், இல்லையென்றால் பார்த்துவிட்டு இறங்குவேன்.

செம்பைத் தேர்ந்தெடுத்ததில் சமையலறைக்கும் பங்கு உண்டு. ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி வெகு தூரம் பரவும். எக்ஸ்ரே எடுத்தால் நட்சத்திரங்கள் போலத் தெரியும். எங்கள் வீட்டில் குழந்தைகளும் இந்த இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள். மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துப் போட்டுச் செய்யும் எல்க் சுக்காவில் ஈயத்துக்கு இடமில்லை. காட்டில் விட்டுவரும் குடலையும் கழிவையும் தின்னும் பறவைகளுக்கும் இதே கதைதான். அரிசோனாவில் காண்டோர் கழுகுகளின் சாவுக்கு ஈய நஞ்சுதான் முதல் காரணமாக இருந்து வருகிறது. அங்கே அரசே 2005இலிருந்து வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு அறவே கூடாது. கொலராடோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. நானாகச் செய்துகொண்ட தேர்வு.

உங்கள் ரைஃபிளுக்குச் செம்பு ஒத்துவராமல் போகலாம். சில குழல்கள் அடம்பிடிக்கும், குண்டுகள் இலக்கில் ஒன்றுகூடாமல் சிதறும். அப்போது 140 கிரெயின் பார்ட்டிஷனுக்குப் போங்கள், மறுயோசனை வேண்டாம். 160க்கு மேற்பட்ட கனமான குண்டுகளை இந்தச் சின்னக் கூட்டில் திணிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. வேகம் மிகவும் இறங்கிவிடுகிறது.

செம்புக்கு மாறுபவர்கள் ஒன்று செய்யுங்கள். பழைய குண்டுகள் குழலுக்குள் விட்டுப்போன படிவை முதலில் கரைப்பான் போட்டு, துணி வெள்ளையாக வெளியே வரும் வரை துடைத்தெடுங்கள். பிறகு குறி பார்த்துச் சுட்டுப் பாருங்கள். பிடித்துப்போனால் அதே தொகுதி எண் அச்சிட்ட பெட்டிகளாகப் பார்த்து இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் போனால் 7 எம்எம்-08 அலமாரி காலியாகத்தான் இருக்கும்.